பிரைமர் வேணுமா வேணாமா? ஆர்என்ஏ பாலிமரேஸால வீட்டுல சண்டை

ஈசூன்_அப்பா | வெள்ளி, இரவு 10:42

வணக்கம். சின்ன விஷயம், பெரிய சண்டையா ஆகிப்போச்சு. மகள் தொடக்கக்கல்லூரி ரெண்டாம் வருஷம், எச்2 பயாலஜி. பிரிலிம்ஸ் நெருங்குது. நான் துவாஸ்ல கருவி பராமரிப்பு வேலை பார்க்கிறேன். ஒரு காலத்துல பாலிடெக்னிக்ல பயோடெக் டிப்ளோமா முடிச்சவன். அந்தத் தைரியத்துல அவ நோட்ஸை வாங்கிப் பார்த்தேன்.

"ஆர்என்ஏ பாலிமரேஸுக்குப் பிரைமர் வேண்டாம், தனி ஹெலிகேஸும் வேண்டாம்"னு எழுதியிருந்தா. (ஆர்என்ஏ பாலிமரேஸ்னா டிஎன்ஏயைப் பார்த்து ஆர்என்ஏ எழுதற நொதி; பிரைமர்னா தொடங்க உதவற குட்டித் துண்டு; ஹெலிகேஸ்னா டிஎன்ஏ இழைகளைப் பிரிக்கற நொதி.) சிவப்புப் பேனாவால அடிச்சுட்டேன். பாலிமரேஸ்னா பிரைமர் இல்லாம நகராதுன்னுதான் நான் படிச்சது. கீழே கோப்பிக்கடையில ஒரு தே-ஓ குடிச்சுட்டு வந்து பார்த்தா, அடிச்ச வரிக்குப் பக்கத்துல பென்சில்ல ஒரு வரி: "அப்பா, நீங்க சொல்றது டிஎன்ஏ பாலிமரேஸ்."

யார் சரி? அவ தூங்கறதுக்குள்ள தெரிஞ்சா நல்லது.

ஓய்வுபெற்ற_வாத்தியார் | வெள்ளி, இரவு 10:58

தம்பி, மகள் சரி. பேனாவை மூடி வையுங்கள்.

டிஎன்ஏ பாலிமரேஸுக்கு ஒரு குறை உண்டு. ஏற்கெனவே இருக்கும் இழையின் 3' முனையில் அடுத்த எழுத்தை ஒட்டத் தெரியும். வெறும் இடத்தில் முதல் எழுத்தை வைக்கத் தெரியாது. அதனால்தான் அதற்குப் பிரைமர். ஆர்என்ஏ பாலிமரேஸ் அப்படியில்லை. முதல் இரண்டு நியூக்ளியோடைடுகளையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்து வைத்து, தானே பிணைத்து, அங்கிருந்தே தொடங்கிவிடும். அதற்குத் தடயம்கூட விட்டுச்செல்லும்: புதிய ஆர்என்ஏயின் முதல் எழுத்தில் மூன்று பாஸ்பேட்டும் கழலாமல் அப்படியே ஒட்டியிருக்கும்.

இன்னொன்று. டிஎன்ஏ பாலிமரேஸுக்கு வேண்டிய அந்தப் பிரைமர் என்ன பொருள்? ஒரு குட்டி ஆர்என்ஏ. அதைச் செய்து கொடுக்கும் பிரைமேஸ் என்ன? அதுவும் டிஎன்ஏவைப் பார்த்து ஆர்என்ஏ எழுதும் நொதிதான். "பிரைமருக்கு யார் பிரைமர் கொடுத்தது?" என்று நீங்கள் கேட்டிருந்தால் சண்டையே வந்திருக்காது.

கொத்து_புரோட்டா | வெள்ளி, இரவு 11:05

இந்த ஆர்என்ஏ பாலிமரேஸைக் கண்டுபிடிச்சதுக்குத்தானே 1959ல ஒச்சோவாவுக்கு நோபல் கொடுத்தாங்க? வினாடி வினாவுல படிச்ச ஞாபகம்.

ஓய்வுபெற்ற_வாத்தியார் | வெள்ளி, இரவு 11:16

பலரும் தடுக்கி விழும் இடம் இது. செவேரோ ஒச்சோவா கண்டெடுத்தது பாலிநியூக்ளியோடைடு ஃபாஸ்ஃபோரிலேஸ் என்ற வேறு நொதி. சோதனைக் குழாயில் ஆர்என்ஏ சங்கிலி கட்டும், ஆனால் எந்த மூல இழையையும் பார்த்துக் கட்டாது, கிடைத்ததைக் கோக்கும். செல்லுக்குள் அதன் முதன்மையான வேலை ஆர்என்ஏயைச் சிதைப்பது! மரபுக் குறியீட்டை உடைக்க அந்த நொதி பெரிதும் உதவியது, அதை மறுக்கவில்லை. உண்மையான ஆர்என்ஏ பாலிமரேஸை 1959-60 வாக்கில் சாமுவேல் வைஸ், ஜெரார்ட் ஹர்விட்ஸ், ஆட்ரி ஸ்டீவன்ஸ் ஆகியோர் தனித்தனியே கண்டறிந்தார்கள். அவர்களுக்கு நோபல் இல்லை.

ஒச்சோவாவோடு அந்த ஆண்டுப் பரிசைப் பகிர்ந்தவர் ஆர்தர் கார்ன்பெர்க், டிஎன்ஏ பாலிமரேஸுக்காக. அப்போது அவர் மகன் ரோஜருக்கு 12 வயது. அந்த மகன்தான் 2006இல் படியெடுத்தல் (டிஎன்ஏயைப் பார்த்து ஆர்என்ஏ எழுதுவது) ஆய்வுக்காக வேதியியல் நோபலைத் தனியாகப் பெற்றார். அப்பா டிஎன்ஏ, பிள்ளை ஆர்என்ஏ. ஈசூன் வீட்டுச் சண்டைக்கும் இதற்கும் ஏதோ பொருத்தம் தெரிகிறது.

ஈசூன்_அப்பா | வெள்ளி, இரவு 11:21

சார், மகள்கிட்ட காட்டினேன். சிரிக்கிறா. சரி, பிரைமர்ல தோத்தேன். ஹெலிகேஸ் விஷயத்துலயாவது எனக்கு ஏதாவது தேறுமா?

புவனவிஸ்தா_பூனை | சனி, காலை 12:20

பாதி தேறும் அண்ணே. நான் ஒரு ஆய்வுக்கூடத்துல புரதம் சுத்திகரிச்சே வயசைக் கழிக்கிறவ, அதனால கொஞ்சம் நீளமா எழுதறேன்.

பாக்டீரியாவுல உங்க மகள் சொல்றது அப்படியே சரி. நொதியோட சிக்மாங்கிற புரதம் சேர்ந்தா, டிஎன்ஏயோட ரெண்டு இழையையும் ஏறக்குறைய 13 இணை நீளத்துக்குத் தானே பிரிச்சுடும். ஏடிபி (செல்லோட எரிபொருள்) செலவு கிடையாது (சில விதிவிலக்கு சிக்மாக்கள் உண்டு, தேர்வுக்கு வேண்டாம்). ஆனா நம்ம செல்லுல எம்ஆர்என்ஏ (புரதம் செய்ய உதவற ஆர்என்ஏ) எழுதற பாலிமரேஸ் II இருக்கே, அது தனியா வந்தா கதவு திறக்காது. டிஎஃப்ஐஐஎச்னு ஒரு கூட்டாளி ஏடிபியை எரிச்சு டிஎன்ஏயைத் தள்ளி முறுக்கினாத்தான் இழை பிரியும். அதனால "தனி ஹெலிகேஸ் வேண்டாம்"னு எழுதினா பக்கத்துல "பாக்டீரியாவில்"னு ஒரு சொல் போடச் சொல்லுங்க.

சிக்மா கிடைச்ச கதை எனக்கு ரொம்பப் பிடிச்சது. 1969. ரிச்சர்ட் பர்கெஸ், ஆண்ட்ரூ டிராவர்ஸ் குழு ஈ. கோலை பாக்டீரியாவோட நொதியை பாஸ்ஃபோசெல்லுலோஸ் காலம்ல (column, புரதங்களைப் பிரிச்செடுக்கற குழாய்) விட்டுச் சுத்தம் பண்ணாங்க. நல்லா சுத்தமாச்சு. ஆனா டி4 வைரஸோட டிஎன்ஏயைக் கொடுத்தா வேலை செய்யல. கன்றுக்குட்டி டிஎன்ஏயைக் கொடுத்தா செய்யுது. எங்களை மாதிரி ஆளா இருந்தா "நொதி கெட்டுப்போச்சு"னு ஊத்திட்டு வீட்டுக்குப் போயிருப்போம். அவங்க காலம்ல வேற இடத்துல இறங்கின கழிவுப் பகுதியை எடுத்துத் திரும்பக் கலந்து பார்த்தாங்க. உயிர் வந்துடுச்சு. அதுல இருந்ததுதான் சிக்மா. எழுதத் தெரிஞ்ச நொதிக்கு எங்க தொடங்கணும்னு காட்டற ஆள். மரபணு தொடங்கற இடத்துக்கு 10 எழுத்து முன்னாடி டி-ஏ-டி-ஏ-ஏ-டி, 35 எழுத்து முன்னாடி டி-டி-ஜி-ஏ-சி-ஏ, இல்ல அதுக்கு நெருக்கமா ஏதாவது இருக்கான்னு பார்த்து உட்காரும். அது இல்லாத நொதி டிஎன்ஏ எங்க கிழிஞ்சிருக்கோ அங்க தொடங்கிடும். கன்றுக்குட்டி டிஎன்ஏ வேலை செஞ்ச ரகசியம் அதுதான்.

இன்னிக்கும் நான் காலம் ஓட்டினா எந்தக் குழாயையும் அன்னிக்கே கொட்டறதில்ல.

தேக்கா_தேனீ | சனி, காலை 8:31

இது பார்க்க எப்படி இருக்கும்? பாடப்புத்தகத்துல எல்லாம் ஒரு முட்டை வடிவம் வரைஞ்சு உள்ள "ஆர்என்ஏ பாலிமரேஸ்"னு எழுதி விட்டுடறாங்க. முட்டை எப்படிப் படிக்கும்?

புவனவிஸ்தா_பூனை | சனி, காலை 9:47

நண்டுக் கொடுக்கு. நிஜமாவே அந்தத் துறையில அப்படித்தான் சொல்றாங்க. 1999ல சேத் டார்ஸ்ட் குழு வெந்நீர் ஊற்றுல வாழற ஒரு பாக்டீரியாவோட நொதியைப் படிகமாக்கிப் பார்த்தப்போ தெரிஞ்ச வடிவம். ரெண்டு வருஷம் கழிச்சு ரோஜர் கார்ன்பெர்க் குழு ஈஸ்ட்டோட பாலிமரேஸ் IIவைக் காட்டினப்பவும் அதே கொடுக்கு. பாக்டீரியாவுல 5 துண்டு: ரெண்டு ஆல்ஃபா, ஒரு பீட்டா, ஒரு பீட்டா-பிரைம், ஒரு ஒமேகா. ஈஸ்ட்ல 12. நடுப்பகுதி மட்டும் ரெண்டுலயும் அச்சு அசல்.

கொடுக்கோட ஒரு விரல் பீட்டா, இன்னொரு விரல் பீட்டா-பிரைம். நடுவுல இருக்கிற பிளவுல டிஎன்ஏ படுக்கும். பிளவோட அடியாழத்துல மூணு ஆஸ்பார்டிக் அமிலம் சேர்ந்து ஒரு மக்னீசியம் அயனியைப் பிடிச்சு வச்சிருக்கும். எழுத்தை ஒட்டற இடம் அதுதான். புது நியூக்ளியோடைடு ரெண்டாவது மக்னீசியத்தைத் தானே கொண்டுவரும். அது டிஎன்ஏ வர்ற வழியா வராது. கீழே புனல் மாதிரி தனித் துவாரம் இருக்கு, அது வழியா ஏறி வரும். டிஎன்ஏ எழுத்தோட சரியாப் பொருந்தினா "டிரிகர் லூப்"னு ஒரு வளையம் மடிஞ்சு கதவைச் சாத்தும். சாத்தினாத்தான் வேதிவினை வேகமா நடக்கும். பொருந்தாதது வந்தா கதவு சரியா மூடாது, அது நழுவிப் போயிடும்.

ஒட்டின ஆர்என்ஏ உடனே பிரிஞ்சுடாது. 9 எழுத்து நீளத்துக்கு டிஎன்ஏயோட ஜோடியாவே இருக்கும், அப்புறம் தனித் துவாரம் வழியா வெளிய போகும். ஆக டிஎன்ஏக்கு ஒரு வழி, நியூக்ளியோடைடுக்கு ஒரு வழி, ஆர்என்ஏக்கு ஒரு வழி. முட்டையில இதையெல்லாம் வரைய முடியாதுங்கிறது உண்மைதான்.

கொத்து_புரோட்டா | சனி, காலை 10:02

காலையிலேயே சில்லி கிராப் ஞாபகம் வருது. ஈஸ்ட் கோஸ்ட் போற வழியில யாராவது இருக்கீங்களா?

நெறியாளர் | சனி, காலை 10:10

நண்டு பாலிமரேஸோடு நிற்கட்டும். சாப்பாட்டுக்குத் தனி இழை இருக்கிறது.

ஆரஞ்சுக்_கண்ணீர் | சனி, பிற்பகல் 2:26

இத்தனை நாள் படிக்க மட்டும்தான் இங்க வருவேன். இந்த நொதி எனக்குக் கொஞ்சம் வேண்டியவன், அதான் எழுதறேன்.

மூணு வருஷத்துக்கு முன்ன எனக்குக் காசநோய். ஆறு மாசம் மருந்து. முதல் ரெண்டு மாசம் நாலு மருந்து, அப்புறம் நாலு மாசம் ரெண்டு. தினமும் பலதுறை மருந்தகத்துல தாதி பார்க்க விழுங்கணும். அதுல ஒண்ணு ரிஃபாம்பிசின், செங்கல் நிற மாத்திரை. ரெண்டாம் நாள் சிறுநீர் தேநீர்ச்சாயம் மாதிரி ஆரஞ்சு. அதை மட்டும் சொல்லி இருந்தாங்க. கண்ணீரும் அப்படித்தான் வரும், காண்டாக்ட் லென்ஸ் போடாதீங்கன்னு ஒருத்தரும் சொல்லல. எந்த இடம்னு சொல்ல வேணாம், கூட்டம் அவ்வளவு. அக்கா பொண்ணு கல்யாணத்துல தாலி கட்டறப்போ அழுதேன். வீட்டுக்கு வந்து லென்ஸைக் கழட்டினா மஞ்சக் காமாலை வந்த மாதிரி இருக்கு.

அந்த மருந்து இந்த நொதியைத்தான் பிடிக்குதுன்னு டாக்டர் சொன்னார். அப்போ மனுஷ நொதியை ஏன் பிடிக்கல? என் உடம்புலயும் இதே வேலைதானே நடக்குது?

புவனவிஸ்தா_பூனை | சனி, மாலை 4:40

அக்கா, இந்த இழையில இதுதான் நல்ல கேள்வி. குணமானதுல சந்தோஷம்.

ரிஃபாம்பிசின் எழுத்தை ஒட்டற இடத்தைத் தொடவே தொடாது. பக்கத்துல பீட்டா துண்டுல ஒரு குழி இருக்கு, அதுல போய் உட்கார்ந்துக்கும். அந்தக் குழி எங்க இருக்குன்னா, புதுசா பிறந்த ஆர்என்ஏ வெளிய நகர்ற பாதையில. நொதி முதல் எழுத்தை வைக்கும், ரெண்டாவதை ஒட்டும், சில நேரம் மூணாவதும். அதுக்கு மேல நகர வழியில்ல. முட்டி நிக்கும், குட்டித் துண்டை உதறிட்டுத் திரும்ப முதல்ல இருந்து. வாசல்ல நெல்லு மூட்டையைப் போட்ட மாதிரி. முக்கியமான விஷயம்: ஏற்கெனவே நீளமா எழுதிக்கிட்டு இருக்கிற நொதியை இந்த மருந்து நிறுத்தாது, ஏன்னா அந்தப் பாதையில ஆர்என்ஏ முன்னாடியே இடம் பிடிச்சுடுச்சு. தொடங்கற நேரத்துல மாட்டினாத்தான் உண்டு.

அண்ணனோட பிரைமர் கேள்விக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்கு. பிரைமர் இல்லாம தொடங்கறது சுலபம்னு நினைக்காதீங்க. மருந்தே இல்லாட்டியும் நொதி தொடக்கத்துல திணறும். சிக்மா இன்னும் புரோமோட்டரை (அது தேடி உட்கார்ந்த தொடக்க இடத்தை) விடாம பிடிச்சிருக்கும்; நொதி நின்ன இடத்துலயே முன்னால இருக்கிற டிஎன்ஏயை உள்ள இழுத்துச் சுருட்டிக்கும், வில்லு வளைக்கிற மாதிரி. சில நேரம் அந்த விசையில பிடியை அறுத்துக்கிட்டு ஓடும். பல நேரம் தெறிச்சு, கையில இருக்கிற குட்டி ஆர்என்ஏயைத் துப்பிட்டு மறுபடி ஆரம்பிக்கும். பத்து எழுத்து தாண்டறதுதான் அதுக்குக் கண்டம். தாண்டிட்டா அப்புறம் நொடிக்கு 40, 80 எழுத்துன்னு ஓட்டம்தான்.

மனுஷ நொதியில அந்தக் குழியோட வடிவம் வேற. ரிஃபாம்பிசின் பொருந்தாது. நடு எந்திரம் ஒண்ணுன்னாலும் வாசல் சட்டம் வேற.

ஓய்வுபெற்ற_வாத்தியார் | சனி, மாலை 5:15

அருமை. மருந்தெதிர்ப்பையும் சேர்த்துவிடுகிறேன். காசநோய்க் கிருமி ரிஃபாம்பிசினுக்கு மசியாமல் போகிறதென்றால், 95 விழுக்காட்டுக்கு மேல் காரணம் பீட்டா துண்டுக்கான மரபணுவில் வெறும் 81 எழுத்து நீளமுள்ள ஒரு பகுதியில் வரும் மாற்றமே. எல்லாம் அந்தக் குழியின் சுவரிலும் ஓரத்திலும். ஒரு செரைன் லியூசினாக மாறினாலே மருந்து உட்கார முடியாது. சளி மாதிரியை வைத்து இரண்டு மணி நேரத்தில் "மருந்து கேட்குமா" என்று சொல்லும் கருவிகள் படிப்பது அந்த 81 எழுத்தைத்தான். முன்பு கிருமியை வளர்த்துப் பார்க்க வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

ஆரஞ்சுக்_கண்ணீர் | சனி, மாலை 5:33

என் சளியையும் அப்படித்தான் பார்த்தாங்க போல. அன்னிக்கு மத்தியானமே "மருந்து வேலை செய்யும்"னு சொன்னாங்க. எதை வச்சுச் சொன்னாங்கன்னு இன்னிக்குத்தான் தெரியுது.

தேக்கா_தேனீ | சனி, இரவு 8:09

மனுஷ நொதியைப் பிடிக்கிற விஷம் எதுவும் இல்லையா?

புவனவிஸ்தா_பூனை | சனி, இரவு 8:52

இருக்கு. அமானிட்டா ஃபாலாய்டஸ்னு குளிர்நாட்டு ஓக் மரத்தடிக் காளான். அதுல இருக்கிற ஆல்ஃபா-அமானிட்டின் பாலிமரேஸ் IIவோட நகரும் பாகத்துல போய் ஆப்பு வைக்கும். சாப்பிட்டு ஆறு மணி நேரத்துக்கு மேல ஒண்ணும் தெரியாது. அப்புறம் வாந்தி பேதி, நடுவுல சரியான மாதிரி ஒரு நாள், அப்புறம் ஈரல் போயிடும். வேடிக்கை என்னன்னா, நம்ம செல் கருவுல மூணு பாலிமரேஸ் இருக்கு: ரைபோசோம் ஆர்என்ஏ எழுத I, எம்ஆர்என்ஏ எழுத II, டிஆர்என்ஏ மாதிரி குட்டிகளுக்கு III. ரோடர், ரட்டர் ரெண்டு பேரும் 1969ல பிரிச்சுக் காட்டினாங்க. அமானிட்டினுக்கு II உடனே விழும், III நிறைய கொடுத்தா விழும், I அசையாது. எந்த ஆர்என்ஏயை எந்த நொதி எழுதுதுன்னு கண்டுபிடிக்க இந்த விஷத்தையே அளவுகோலா வச்சாங்க.

ஈசூன்_அப்பா | ஞாயிறு, காலை 9:05

வீட்டுல அடுத்த சண்டை. இந்தத் தடவை நான் ஒண்ணும் அடிக்கல. அவ நோட்ஸ்ல "ஆர்என்ஏ பாலிமரேஸ் பிழை திருத்தாது"ன்னு இருக்கு. பிழையோட ஓடினா உடம்பு என்னத்துக்கு ஆகும்?

ஓய்வுபெற்ற_வாத்தியார் | ஞாயிறு, காலை 10:30

எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான், பாடினவன் பாட்டைக் கெடுத்தான் என்பார்கள். ஏடு கெடுவதும் பாட்டு கெடுவதும் ஒன்றல்ல. பாடுபவர் ஓர் அடியைத் தவறாகப் பாடினால் அன்றைய கச்சேரியோடு போயிற்று. ஏட்டில் எழுத்து மாறினால் அதைப் பார்த்துப் படியெடுத்த ஏடெல்லாம் மாறும். டிஎன்ஏ ஏடு, ஆர்என்ஏ பாட்டு. பாக்டீரியாவின் எம்ஆர்என்ஏ பெரும்பாலும் சில நிமிடங்களே உயிர்வாழும். அதே மரபணுவிலிருந்து வேறு படிகள் வந்துகொண்டே இருக்கும். ஆகவே பத்தாயிரத்திலிருந்து லட்சம் எழுத்துக்கு ஒரு பிழை என்றாலும் செல் தாங்கும்.

இரண்டு செயல்களுக்கும் "நகலெடுத்தல்" என்று ஒரே சொல்லைப் போடும் மாணவர்களிடம் நான் மல்லுக்கு நிற்பது இதனால்தான். படியெடுத்தல் வேறு, இரட்டித்தல் வேறு.

புவனவிஸ்தா_பூனை | ஞாயிறு, காலை 11:12

சார் சொன்னதுக்கு ஒரு ஒட்டு. "திருத்தவே திருத்தாது"ங்கிறது தேர்வுக்குப் போதும், உண்மைக்குப் பத்தாது. தப்பான எழுத்து ஒட்டினா நொதி தடுமாறி நிக்கும், ரெண்டடி பின்வாங்கும். அப்போ ஆர்என்ஏயோட நுனி பிரிஞ்சு, நியூக்ளியோடைடு ஏறி வர்ற அதே புனலுக்குள்ள நீட்டிக்கும். பாக்டீரியாவுல கிரே-ஏ, கிரே-பி, நம்மகிட்ட டிஎஃப்ஐஐஎஸ். இதுங்க அந்தப் புனல் வழியா விரலை விட்டு நுனியை வெட்ட உதவும். வெட்டறது நொதியேதான், அதே மக்னீசியம்தான். டிஎன்ஏ பாலிமரேஸுக்கு இருக்கிற மாதிரி தனி அழிப்பான் அறை இல்ல, அவ்வளவுதான்.

பின்வாங்கி நின்னாலும் டிஎன்ஏயை விடக்கூடாது. விட்டா அந்த ஆர்என்ஏ வீண், நடுவுல ஏறவே முடியாது. மனுஷனோட டிஸ்ட்ரோஃபின் மரபணு 2 மில்லியன் எழுத்துக்கும் மேல. ஒரு தடவை எழுதி முடிக்க 16 மணி நேரம். சாங்கியில ஏறி நியூயார்க்ல இறங்கற நேரத்துக்குக் கொஞ்சம்தான் குறைவு. அதுலயும் வெட்டித் தைச்சு முடிச்சா மிஞ்சறது சுமார் 14,000 எழுத்து. மீதியெல்லாம் குப்பைக்கு.

தேக்கா_தேனீ | ஞாயிறு, பிற்பகல் 1:44

எங்க புளோக்ல டெங்கி சிவப்புப் பதாகை தொங்குது. டெங்கி கிருமியும் ஆர்என்ஏதானே? அதுக்கும் இந்த நண்டுதானா?

புவனவிஸ்தா_பூனை | ஞாயிறு, பிற்பகல் 3:20

இல்ல, அது கை! டெங்கியோட என்எஸ்5 புரதம் டிஎன்ஏயைப் பார்க்காது, ஆர்என்ஏயைப் பார்த்து ஆர்என்ஏ எழுதும். வடிவம் வலது கை மாதிரி: விரல்கள், உள்ளங்கை, கட்டைவிரல். நண்டுக் குடும்பத்துக்கும் கைக் குடும்பத்துக்கும் ரத்த சம்பந்தம் கிடையாது. டி7 வைரஸோட ஆர்என்ஏ பாலிமரேஸும் கைதான், ஒரே ஒரு புரதம், கூட்டாளி யாரும் வேண்டாம். அந்த எளிமைக்காகத்தான் கோவிட் எம்ஆர்என்ஏ தடுப்பூசி செய்ய அதைப் பயன்படுத்தறாங்க. நம்ம மைட்டோகாண்ட்ரியாவுல இருக்கிறதும் அதோட உறவுக்காரன். அதனால உங்க உடம்புல கரு இருக்கிற செல்லுல கருவுக்குள்ள நண்டு, மைட்டோகாண்ட்ரியாவுக்குள்ள கை.

அண்ணே, உங்களுக்கு ஒரு ஆறுதல் வச்சிருக்கேன். டெங்கி நொதி பிரைமர் இல்லாம தொடங்கும். ஆனா போலியோ வைரஸோட ஆர்என்ஏ பாலிமரேஸுக்குப் பிரைமர் வேணும். அதுவும் ஆர்என்ஏ இல்ல, ஒரு குட்டிப் புரதம்! அதோட தலையில எழுத்தை ஒட்டி அங்கிருந்து தொடங்கும். ஆக "ஆர்என்ஏ எழுதற நொதிக்குப் பிரைமர் வேணும்"னு நீங்க சொன்னது உலகத்துல எங்கேயோ உண்மைதான்.

ஈசூன்_அப்பா | ஞாயிறு, மாலை 6:15

ஓடிப்போய்ச் சொன்னேன். தலையைத் தூக்காம, "அப்பா, கேள்வி மரபணுவைப் படியெடுக்கிற நொதியப் பத்தி. போலியோகிட்ட டிஎன்ஏவே இல்ல"ன்னா. அடிச்ச வரியை வெள்ளை மை போட்டு அழிச்சுட்டேன். "பாக்டீரியாவில்"ங்கிற சொல்லை மட்டும் சேர்த்துக்கிட்டா, அதுல என் பங்கு கொஞ்சம் இருக்கு.

கொத்து_புரோட்டா | ஞாயிறு, மாலை 6:40

@ஆரஞ்சுக்_கண்ணீர் அக்கா, அந்த லென்ஸைத் தூக்கிப் போட்டாச்சா?

ஆரஞ்சுக்_கண்ணீர் | ஞாயிறு, இரவு 9:02

இல்லப்பா. மாசாந்திர லென்ஸ், ஜோடி விலை உங்களுக்குத் தெரியாது. டப்பாவிலேயே வச்சிருக்கேன். இப்போ திறந்து பார்த்தேன், இன்னும் ஆரஞ்சுதான்.